சிம்லாவிலிருந்து தாபோ வரை: மரக்கோயில் மண்கோயிலாகும் வழி

சிம்லாவிலிருந்து, இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள காஜாவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். முதலில் சட்லஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிதி ஆற்றையும் ஒட்டிப் போகும் அந்தச் சாலையின் முற்பாதியில் கண்ணில் படும் பழைய கட்டடமெல்லாம் மரமும் கல்லும். பிற்பாதியில் எல்லாம் மண். சுற்றுலா ஏற்பாட்டாளர்களின் திட்டத்தில் இது 'கீழே இந்துக் கோயில்கள், மேலே பௌத்த மடாலயங்கள்' என்று இரண்டு பொட்டலங்களாக வந்துவிடும். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வழியில் இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு சீக்கிரமே குழம்பிப் போகும். இந்து அரசரின் ஊரில் பௌத்தக் கோயில் இருக்கும். பௌத்தர்கள் அதிகமுள்ள ஊரில் நாராயணனுக்கு மரக்கோயில் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் எதை, எங்கே, எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதில் மதத்துக்கு இருந்த பங்கைவிட மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் கம்பளி வியாபாரத்துக்கும் இருந்த பங்கு பெரிது என்பது என் எண்ணம்.

வியாபாரத்திலிருந்தே தொடங்கலாம், சாலையே அதற்காக வந்ததுதான். டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1850இல், சமவெளியிலிருந்து சிம்லா வழியாகத் திபெத்தின் எல்லைக் கணவாயான ஷிப்கி லா வரை ஒரு பாதை போடத் தொடங்கினார்கள். இந்துஸ்தான் – திபெத் சாலை என்று பெயர். திபெத்தின் பஷ்மினா கம்பளி ஆங்கிலேயர் கைக்கு நேராக வர வேண்டும் என்ற ஆசை அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் ஆங்கிலேயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வழியில் ஆடுகளும் கோவேறு கழுதைகளும் சுமை தூக்கிக்கொண்டுதான் இருந்தன. மேலிருந்து கம்பளி, உப்பு, குதிரைகள். கீழிருந்து தானியம், வெல்லம், துணி.

அந்தப் போக்குவரத்தின் மேல் உட்கார்ந்து வளர்ந்த அரசு புஷஹர். அதன் தலைநகர் நகர்ந்த விதத்தைப் பாருங்கள். முதலில் பஸ்பா பள்ளத்தாக்கின் உள்ளே, சாங்லாவுக்கு மேலே உள்ள காம்ரு கோட்டை. அப்புறம் சராஹன். கடைசியாக சட்லஜ் கரையிலேயே ராம்பூர். பத்திரமான மலை மடிப்பிலிருந்து, படிப்படியாக, பணம் புழங்கும் ஆற்றங்கரைக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். 1679 முதல் 1684 வரை திபெத்துக்கும் லடாக்குக்கும் நடந்த போரில் புஷஹர் அரசர் கேஹ்ரி சிங் திபெத்தின் பக்கம் நின்றார். பலனாக, திபெத் எல்லையை ஒட்டிய மேல் கின்னௌர் அவர் கைக்கு வந்தது, வியாபாரிகள் இரு பக்கமும் தடையின்றிப் போய்வர உடன்பாடும் ஏற்பட்டது. கயிலையின் பனி உருகாத வரை, காக்கை வெளுக்காத வரை இந்த உறவு நிற்கும் என்று அந்த உடன்பாட்டில் சொல்லப்பட்டதாக மரபு. காக்கை வெளுக்கவில்லை. ஆனால் 1962 போர் எல்லையை மூடிவிட்டது. 1990களில் ஷிப்கி லா வழியாகச் சிறிய அளவில் வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள், பழைய அளவுக்கு அது திரும்பவே இல்லை.

ராம்பூரில் பெரும்பாலானோர் தேநீருக்கு மட்டும் இறங்குகிறார்கள். ஊரும் அழகான ஊர் இல்லைதான், வெயில் காலத்தில் புழுக்கம் வேறு. ஆனாலும் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பௌத்தக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே ஆள் உயரத்துக்கு மேலான பெரிய பிரார்த்தனைச் சக்கரம். இந்து அரசரின் தலைநகரில் அரசரின் ஆதரவோடு எழுந்தது அது. அவர் குடிகளில் ஒரு பகுதியினர் லாமாக்களை நம்புகிறவர்கள், சந்தைக்கு வரும் வியாபாரிகளும் அவர்களே. ஒவ்வொரு நவம்பரிலும் 11 முதல் 14 வரை இங்கே நடக்கும் லவி சந்தை அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைக்கும் கின்னௌர்க்காரர்கள் சில்கோசா என்னும் பைன் கொட்டை, உலர்ந்த பாதாமி, கம்பளிச் சால்வை எல்லாம் கொண்டுவந்து கடை பரப்புவார்கள். சமுர்த்தி இனக் குதிரைகளும் விற்பனைக்கு வரும்.

ராம்பூரைத் தாண்டி மேலே பிரியும் கிளைச் சாலையில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் சராஹன். பீமாகாளி அரசகுலத்தின் தெய்வம். கோயிலுக்குள் போகத் தலையில் தொப்பி வேண்டும், தோல் பொருளும் கேமராவும் வெளியிலேயே இருந்துவிட வேண்டும். தொப்பி அங்கேயே கிடைக்கும். நம் ஊர்க் கோயிலுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் இது கோயிலாகவே தெரியாது. இரண்டு உயரமான கோபுர வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கீழ்த் தளங்களில் ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேல் தளம் மட்டும் மர மாடங்களோடு வெளியே பிதுங்கியிருக்கும். தேவி இருப்பது உச்சித் தளத்தில். கோட்டை, களஞ்சியம், கோயில் மூன்றும் ஒன்றாக இருந்த காலத்துக் கட்டடம்.

இந்தக் கட்டட முறைக்குக் காத்-குனி என்று பெயர். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது. சுவரின் இரு முகத்திலும் தேவதாரு மரச் சட்டங்களைக் கிடையாக வைக்கிறார்கள். இடையில் கல்லை அடுக்குகிறார்கள். சாந்து கிடையாது. அதன் மேல் ஒரு கல் வரிசை, மறுபடி மரம், மறுபடி கல். மூலைகளில் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படிந்து பூட்டிக்கொள்ளும். உட்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் குறுக்குக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே கனமான கூரை உட்கார்ந்து மொத்தத்தையும் அழுத்தி வைக்கிறது. நிலம் ஆடும்போது, சாந்து பூசிய சுவர் விறைத்து நின்று பிளக்கும். காத்-குனி சுவரில் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக நகர்ந்து, உராய்வில் அதிர்ச்சியைக் கரைத்துவிடும். 1905இல் காங்க்ரா நிலநடுக்கம் சுமார் 20,000 பேரைக் கொன்றது. அதில் சராஹனின் பழைய கோபுரம் சாய்ந்தது, விழவில்லை. பின்னர் வந்த இன்னொரு அதிர்வில் அது தானாகவே நிமிர்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியோ, பக்கத்தில் புதிய கோபுரத்தைக் கட்டித் தேவியை அங்கே மாற்றிவிட்டார்கள். பழையதும் இன்னும் நிற்கிறது.

இப்படிக் கட்டத் தேவை தேவதாரு. உளுத்துப் போகாத, பூச்சி அரிக்காத, எண்ணெய்ப் பசையுள்ள மரம். அது காடு காடாக வளரப் போதிய மழை வேண்டும். கீழ்ச் சட்லஜ் பள்ளத்தாக்கில் அந்த மழை உண்டு. மழையும் மரமும் நிலநடுக்கமும் சேர்ந்த இடத்தில் காத்-குனி பிறந்திருக்கிறது. குல்லு, சிம்லா, கின்னௌர் மாவட்டங்களின் தெய்வங்கள் பலவும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் குடியிருக்கின்றன. மரக்கோயிலுக்கு ஒரே பகை நெருப்பு. மரக்கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் ஊர்களில் ஒரு வீட்டில் பிடித்தால் கோயில் வரை போய்விடும்.

கின்னௌருக்குள் நுழைந்ததும் மதக் கணக்கு குழம்பும் என்றேனே, அது கல்பாவில் நன்றாகத் தெரியும். எதிரே கின்னர் கைலாஷ், 6,050 மீட்டர். ஊருக்குள் நாராயண – நாகினி மரக்கோயில். கொஞ்ச தூரத்திலேயே, திபெத்திய மொழிபெயர்ப்பாளரான ரின்சென் ஸாங்போ நிறுவியதாகச் சொல்லப்படும் கோன்பா, அதாவது பௌத்த மடாலயம். 1959இல் எரிந்துபோய்த் திரும்பக் கட்டியது. ஊர்த் தெய்வம் பல்லக்கில் தோளேறி வரும். பல்லக்கு எப்படி ஆடுகிறது என்பதைப் பார்த்துச் சாமியின் விருப்பத்தைத் தெரிந்துகொள்வார்கள். அதே வீட்டில் சாவு விழுந்தால் லாமாவைக் கூப்பிடுவார்கள். இதில் முரண் இருப்பதாக அங்கே யாரும் நினைப்பதில்லை. மழை, பயிர், ஊர்ச் சண்டை எல்லாம் ஊர்த் தெய்வத்தின் பொறுப்பு. மறுமை லாமாவின் பொறுப்பு.

கல்பாவுக்குத் தேர்தல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அப்போது ஊரின் பெயர் சினி. முதல் பொதுத் தேர்தலில் பெரும்பாலான இடங்களில் 1952இல் வாக்குப்பதிவு நடக்க, பனி வழியை அடைத்துவிடும் என்று இங்கே 1951 அக்டோபரிலேயே நடத்தினார்கள். அன்று முதலில் வாக்களித்த பள்ளி ஆசிரியர் ஷ்யாம் சரண் நேகி சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளராக அறியப்பட்டு, 2022 நவம்பரில் தம் கடைசி வாக்கையும் அளித்துவிட்டுச் சில நாளில் காலமானார்.

கல்பாவுக்கு மேலே கானம் என்ற ஊரில்தான் ஹங்கேரியரான அலெக்சாண்டர் சோமா தெ கோரோஷ் 1827 முதல் 1830 வரை மடாலயத்தில் தங்கித் திபெத்திய நூல்களைப் படித்தார். 1834இல் கல்கத்தாவில் வெளியான அவரது திபெத்திய – ஆங்கில அகராதி, மேற்கு நாடுகளில் அந்த மொழிப் படிப்புக்கே அடித்தளம். குளிரில் நெருப்பும் இல்லாமல் உட்கார்ந்து படித்தவர் என்பார்கள். பெரும்பாலான வண்டிகள் கானத்தில் நிற்பதில்லை.

இதற்கப்புறம் மலை மொட்டையாகிறது. பருவமழை மேகங்கள் கின்னௌரின் தென்புறச் சிகரங்களில் மோதிக் கொட்டித் தீர்த்துவிட, வடக்கே மழை மறைவுப் பகுதி. பூ என்ற ஊரைத் தாண்டும்போது தேவதாரு இல்லை. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் கலக்கிறது. சட்லஜ் திபெத் பக்கம் திரும்பிவிட, சாலை ஸ்பிதியோடு போகிறது. வீடுகளின் சரிந்த கூரைகள் மறைந்து தட்டையான மண் கூரைகள் வருகின்றன. பாப்லர் அல்லது வில்லோ கட்டைகளைக் குறுக்கே போட்டு, மேலே சுள்ளி பரப்பி, களிமண்ணைத் தட்டி இறுக்கிய கூரை. பனியைத் தள்ளிவிடலாம். மழைதான் ஆகாது. மழை இல்லாத ஊரில் அது ஒரு குறையே இல்லை.

3,600 மீட்டருக்கு மேலே உள்ள நாகோவின் பழைய மண்கோயில்கள் 1975 ஜனவரி 19இல் வந்த நிலநடுக்கத்தில் விரிசல் விட்டன. ரிக்டர் அளவில் 6.8 என்று பதிவான அந்த நடுக்கம் இந்தப் பகுதியின் பல மடாலயங்களை உலுக்கியது. அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கியூ கிராமத்தில் உட்கார்ந்த நிலையில் இருந்த ஒரு துறவியின் உடல் வெளிப்பட்டது. சுமார் 500 ஆண்டுப் பழையது. பதம் செய்யப்படாமல் குளிரிலும் வறட்சியிலும் தானாகவே கெடாமல் நின்றது. இப்போது கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், அங்கே வண்டிகள் வரிசையாக நிற்கும். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.

தாபோ வேறு. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம் என்றால் அது தாபோதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆற்றோரத் தட்டை நிலத்தில், மண் மதிலுக்குள், மண்ணால் கட்டிய ஒன்பது கோயில்கள். எடுப்பான கோபுரமோ வண்ணமோ கிடையாது. மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசரும் துறவியுமான யேஷே ஓ இதை 996இல் நிறுவினார். 46 ஆண்டுகள் கழித்து அவர் வழிவந்த ஜங்சுப் ஓ புதுப்பித்தார் என்று உள்ளே உள்ள எழுத்துப் பொறிப்பே சொல்கிறது. நிறுவப்பட்ட காலத்தில் தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்டுகொண்டிருந்தான், பெரிய கோயில் இன்னும் எழும்பவில்லை.

யேஷே ஓவின் கவலை, திபெத்தில் பௌத்தம் சிதைந்து, நூல்களும் சடங்குகளும் குழம்பிவிட்டன என்பது. மூலத்திலிருந்தே திரும்பக் கற்றுவர இளைஞர்கள் 21 பேரைக் காஷ்மீருக்கு அனுப்பினார். வெப்பத்திலும் நோயிலும் மற்றவர்கள் இறந்துபோக, இருவரே திரும்பினார்கள் என்பது மரபுச் செய்தி. அவர்களில் ஒருவர் ரின்சென் ஸாங்போ (958–1055). நூல்களை மொழிபெயர்த்தார், காஷ்மீரச் சிற்பிகளையும் ஓவியர்களையும் அழைத்துவந்தார், 108 கோயில்கள் எழுப்பினார் என்று அவர் மேல் கதைகள் குவிந்திருக்கின்றன. கின்னௌரிலும் ஸ்பிதியிலும் எந்தப் பழைய கோன்பாவைக் கேட்டாலும் அவர் கட்டியது என்பார்கள். எல்லாம் நம்பக்கூடியவை இல்லை. ஆனால் காஷ்மீரக் கலைஞர்களின் கை தாபோவில் கண்கூடு.

நடுக் கோயிலின் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் இருட்டு. கண் பழகியதும், சுவரின் நடு உயரத்தில் ஆளளவு சுதை உருவங்கள் நாற்புறமும் தாமரையில் அமர்ந்தபடி மிதப்பது தெரியும். மொத்தம் 32. கூடத்தின் பின்பகுதியில் நான்கு திசையும் நோக்கும் வைரோசன புத்தர். காகிதத்திலோ துணியிலோ வரைய வேண்டிய மண்டலத்தை, அதாவது தெய்வங்கள் தத்தம் இடத்தில் அமர்ந்திருக்கும் வரைபடத்தை, இங்கே ஓர் அறையாகவே கட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர் அந்த மண்டலத்துக்குள் நிற்கிறார். படம் எடுக்க அனுமதியில்லை. அதனால்தானோ என்னவோ, இங்கே வருகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறார்கள்.

அந்த உருவங்களுக்குக் கீழே ஓவிய வரிசை ஓடுகிறது. ஒரு பக்கம் புத்தரின் வாழ்க்கை. மற்றொரு பக்கம் சுதனன் என்ற வணிக இளைஞன் ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகும் கதை. கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலிலிருந்து வந்தது. ஓவியங்களோடு நூலின் பகுதிகளையும் சுவரில் எழுதியிருக்கிறார்கள். சுதனன் போகும் திசை தெற்கு. அவன் சந்திக்கும் ஆசிரியர்களில் ஒருவரான மேகன் இருப்பது திராவிட நாட்டில். இன்னும் போய், தென்கோடியில், பொதலகம் என்ற மலையில் அவலோகிதர் என்ற போதிசத்துவரைக் காண்கிறான். அந்த மலை நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. பொதிகையில் இருக்கும் அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் சொல்வதையும் அவர்கள் காட்டுகிறார்கள். லாசாவில் தலாய் லாமாக்களின் அரண்மனைக்குப் பொதாலா என்று பெயர் வந்ததும் அந்த மலையால்தான். 3,280 மீட்டர் உயரத்தில், தேவதாரு முளைக்காத ஒரு பள்ளத்தாக்கின் மண்சுவரில் தென்னாட்டுப் பயணம் ஒன்று ஆயிரம் ஆண்டாக வரைந்து கிடக்கிறது.

தாபோ தட்டை நிலத்தில் இருப்பதும் யோசிக்க வேண்டியது. 10, 11ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் பெரும்பாலும் இப்படி ஊருக்குப் பக்கத்தில், சமநிலத்தில்தான் இருக்கின்றன. லடாக்கின் அல்ச்சியும் அப்படியே. அரசர் பலமாக இருந்தார், பயமில்லை. பிறகு குகே சரிந்து, லடாக், திபெத், ஜம்முவின் டோக்ராக்கள் என்று படைகள் மாறி மாறி வந்தபோது மடாலயங்கள் மலையுச்சிக்கு ஏறின. ஸ்பிதியின் பழைய தலைநகரான தன்கர், இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்கு மேலே, அரித்துக்கொண்டிருக்கும் பாறை விளிம்பில் தொற்றி நிற்கிறது. 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட, அழியும் ஆபத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் அது இருந்தது. கீ மடாலயம் 4,166 மீட்டரில். சுவரொட்டிகளில் எல்லாம் வருவது அதுதான். கூம்பு மலையைச் சுற்றி வெள்ளை அறைகள் அடுக்கடுக்காக ஏறும் அந்தத் தோற்றம் ஒரே திட்டத்தில் வந்ததில்லை. கொள்ளை, தீ, 1975 நடுக்கம் என்று இடிந்ததை ஒவ்வொரு முறையும் ஒட்டி ஒட்டிக் கட்டியதில் வந்தது. தூரத்திலிருந்து பார்க்க அபாரம். உள்ளே போனால் தாபோவின் பக்கத்தில்கூட வராது.

காஜாவிலிருந்து குன்சும் கணவாய் தாண்டி மணாலி பக்கம் இறங்கலாம். வழியில் லாஹௌலின் திரிலோக்நாத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. வெள்ளைப் பளிங்கில் ஆறு கைகளோடு ஒரு அவலோகிதர். தலையில் சிறிய புத்த உருவம் இருக்கும். இந்துக்கள் சிவன் என்று கும்பிடுகிறார்கள், பௌத்தர்கள் அவலோகிதர் என்று. ஒரே கருவறை, ஒரே சிலை, இரு தரப்பும் ஒரே வரிசை. மணாலியில் இறங்கியதும் 1553இல் கட்டிய ஹிடிம்பா கோயில். மறுபடி தேவதாரு, மறுபடி மரம், மறுபடி மழை.

இந்த ஏற்பாடு இப்போது இரண்டு முனையிலும் ஆட்டம் கண்டிருக்கிறது. கீழே மரம் கிடைப்பது அரிது. ஒரு காத்-குனி சுவருக்கு வேண்டிய தேவதாருவை வனச் சட்டமும் விலையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. தெய்வத்துக்கு மட்டும் ஊர் கூடி மரம் திரட்டிப் புதுப்பிக்கிறது. மனிதர்கள் செங்குத்துச் சரிவுகளில் கான்கிரீட் தூண்களை ஏற்றி நான்கு மாடி கட்டுகிறார்கள். அதோடு 1,500 மெகாவாட் நாத்பா – ஜாக்ரி, 1,000 மெகாவாட்டுக்கு அமைந்த கர்ச்சம் – வாங்து என்று நீர்மின் திட்டங்களுக்காக மலையைக் குடைந்த சுரங்கங்கள். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பேருந்தையும் வண்டிகளையும் மூடியதில் 28 பேர் இறந்தார்கள். புதிய அணைகள் வேண்டாம் என்று கின்னௌர் இளைஞர்கள் நடத்தும் இயக்கத்துக்கு அதன் பிறகு வேகம் கூடியது.

மேலே பிரச்சினை தலைகீழ். பெய்யாத இடத்தில் மழை பெய்யத் தொடங்கியிருக்கிறது. 2010 ஆகஸ்டில் லடாக்கின் லே நகரில் ஒரே இரவில் கொட்டிய மழை, மழை மறைவுப் பகுதி என்பதை நம்பிக் கட்டிய மண் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. ஸ்பிதியிலும் எதிர்பாராத மழைக்கு மண் கூரைகள் ஒழுகுகின்றன. வீட்டுக்குத் தகரம் போட்டால் தீர்ந்தது. தாபோவில் கூரை ஒழுகினால் ஆயிரம் ஆண்டு ஓவியத்தின் மேல் சேறு வழியும். மேலே மண்ணைக் கூட்டினால் பழைய உத்தரங்கள் தாங்காது. தனியாகத் தகரக் கூரை எழுப்பினால் பாதுகாப்பாக இருக்கும், கோயில் கிடங்கு மாதிரி ஆகிவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடம் என்பதால் ஊர் நினைத்தபடி எதையும் செய்யவும் முடியாது. சங்கடமான கேள்விதான். என்னைக் கேட்டால், அசிங்கமாக இருந்தாலும் கூரை போடுவதே மேல்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மணாலி பக்கமிருந்து ஏறாமல் சிம்லா பக்கமிருந்து போங்கள். உயரம் மெல்ல மெல்லக் கூடும், மூச்சு பழகும். மரம் மண்ணாவதும் வரிசையாகத் தெரியும். குன்சும் கணவாய் பெரும்பாலும் ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கீழ்ச் சட்லஜில் மலைச் சரிவு அதிகம் என்பதால் ஜூன் முற்பாதியோ செப்டம்பரோ நல்லது. இந்தியர்களுக்கு அடையாள அட்டை போதும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ரெக்காங் பியோவுக்கும் காஜாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். நாள் குறைவாக இருந்தால் கீயையும் கியூவையும் விட்டுவிடலாம். சராஹனில் ஒரு இரவும் தாபோவில் இரண்டு இரவும் தங்கினால் போதும். தாபோவுக்கு ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள், அதை ஓவியத்தின் மேல் நேராக அடிக்கலாமா என்று உள்ளே இருக்கும் லாமாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.